பளபளக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு

தென்காசியிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ மாப்பிள்ளைகள் என் கண் முன்னால்தான் தாலி கட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல. முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, நிறுத்தி, மெதுவாக்கி, அட்சதை அந்தரத்தில் நிற்கும்படி செய்து, ஒவ்வொருவரையும் பல தடவை கட்ட வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மண்டபங்களில் ஒன்றில்கூட நான் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் புருஷனை இழந்தவள். என் கண் பட்டால் ஆகாதாம். படம் பிடித்து கேசட்டில் அடைத்து என்னிடம் கொண்டுவந்தால் மட்டும் அந்தக் கண்ணிலுள்ள விஷம் இறங்கிவிடும் போலிருக்கிறது.

இதற்காக அழுதீர்களா என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். அழவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தோடு உட்கார்ந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும்.

கடை என் கணவருடையது. பெரிய கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு மாடி அறை. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், அலமாரி நிறைய இன்னும் வெட்டி ஒட்டாத கல்யாண கேசட்டுகள். காரியம் முடிந்த மறுவாரமே கல்யாண வீட்டுக்காரர்கள் படியேற ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்: “ஆம்பிளைய யாராவது இருந்தா அவங்ககிட்ட குடுத்து முடிச்சிருங்கம்மா.”

“இருந்தா நான் எதுக்கு இங்கன உக்காந்திருக்கேன்?” என்று கேட்டேன். அவர் படியிறங்கிப் போனார். பிறகு அவரே வந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனார். வேலை எனக்குத் தெரியும். என் கணவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இங்கே வெட்டுங்கள், அந்த மாமா வாயைத் திறக்கிறார் பாருங்கள், அதற்கு முன்னால் வெட்டுங்கள் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தானே.

கணவரோடு வேலை பார்த்த கேமராமேன் ஒருவர் என்னோடு நின்றார். என்னை மதினி என்பார். மண்டபத்துக்கு அவர் போவார். கேசட் வந்ததும் மற்றதெல்லாம் என் பாடு. மணமேடைக்குப் பின்னால், தூண் ஓரமாக, என்னைப் போன்ற பெண்கள் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை வெட்டிவிடச் சொல்லிக் கேட்ட வீடுகளும் உண்டு. சரி சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். ஒருவரும் திரும்பி வந்து ஏன் வெட்டவில்லை என்று கேட்டதில்லை. படத்தில் எல்லாரும் தங்களைத்தானே தேடுகிறார்கள்.

தொல்லை வேறு பக்கமிருந்து வந்தது. டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்கிற வீடுகளில் சிக்கல் இல்லை. ஆனால் மகன் பெங்களூரில், மகள் மஸ்கட்டில் என்று இருந்தவர்கள் கம்ப்யூட்டரில் போடத் தொடங்கினார்கள். ஒரு கம்ப்யூட்டரில் சத்தம் வரும், படம் வராது. இன்னொன்றில் படம் வரும், நாதஸ்வரம் வராது. வேறொன்று, இதை எதைக் கொண்டு திறக்கட்டும் என்று நம்மையே திருப்பிக் கேட்கும். மற்ற கடை டிஸ்க் ஓடாவிட்டால் டிஸ்க் சரியில்லை என்பார்கள். என் கடை டிஸ்க் ஓடாவிட்டால், “அந்தம்மா போட்டதுல்லா” என்பார்கள். இது என் காதுக்கே வந்தது.

சரி, எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும், யாரும் எதையும் தொடாமலே, தானாக ஓடுகிற டிஸ்க்கைச் செய்கிறேன் பார் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த டிஸ்க் உள்ளே போட்டதும் தானாகத் திறந்துகொண்டது. அதன் வயிற்றைக் கிளறிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. படத்தோடு, அதை ஓட்டுவதற்கான ஒரு குட்டி பிளேயரையும் அதே டிஸ்க்கில் ஏற்றிவிட வேண்டும். கூடவே சில வரிகளில் ஒரு சின்ன கோப்பு. டிஸ்க் உள்ளே போனதும் கம்ப்யூட்டர் முதலில் அதைத்தான் படிக்கும். இந்த பிளேயரைத் திற, இந்தப் படத்தைப் போடு என்று அதில் எழுதியிருக்கும். ஆட்டோரன் என்பார்கள். சாப்பாட்டோடு இலையையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோவது மாதிரிதான். போகிற இடத்தில் யாரிடமும் எதையும் கேட்டு நிற்க வேண்டாம்.

செய்துவிட்டேன் என்பதற்காக நம்பிவிட மாட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்ப்பேன். அங்கே ஓடினால் பத்திர ஆபீஸ் எதிரிலிருந்த பத்திரம் எழுதுகிறவரிடம் போவேன். ஊரிலேயே பழைய கம்ப்யூட்டர் அவருடையதுதான். உள்ளேயிருக்கும் ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூஜை வரை அதன் நெற்றியில் இருக்கும். என் டிஸ்க்கை அது விழுங்கி, முக்கி முனகி, கடைசியில் நாதஸ்வரம் வந்துவிட்டால் அவர் பேனாவை மூடிவிட்டுச் சொல்வார்: “இதுல ஓடிட்டுன்னா இனி எங்கன போட்டாலும் ஓடும்.”

இப்படித்தான் ‘தானா ஓடுத டிஸ்க்’ என்று என் கடைக்குப் பேர் வந்தது. முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்கியவர்கள்கூடக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகை. அதை நேராக என் கையில் தராமல் மேஜைமேல் வைப்பார்கள். நான் மேஜையிலிருந்து எடுத்துக்கொள்வேன்.

மேஜைக்கு மேலே சுவரில் என் கணவர் படம் இருந்தது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அதற்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைப்பேன். வைக்கச் சொன்னது என் சொந்தக்காரர்கள்தான். அதே ஆட்கள்தான் என் நெற்றியைத் துடைத்துவிட்டு இனி வைக்காதே என்றும் சொன்னார்கள். அதே விரல், அதே குங்குமம். கண்ணாடிமேல் வைத்தால் சரி, தோலில் வைத்தால் தப்பு. இதில் என்ன நியாயம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்கத்தான் செய்யவில்லை.

அந்த ஆனி மாதத்தில் இலஞ்சியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா போலீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய குடும்பம், நிலபுலன் உண்டு. மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவர் கடைக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“அக்கா, நான் இருக்கது மலைமேல. போன்கூட நினைச்ச நேரம் கிடைக்காது. ஒரே ஒரு கம்ப்யூட்டர் உண்டும். அதுல புதுசா எதையும் ஏத்த விடமாட்டாவ. நீங்க குடுக்குத டிஸ்க் போட்ட உடனே ஓடணும். இல்லன்னா அடுத்த லீவு வரைக்கும் நான் அவ முகத்தப் பாக்க முடியாது.”

அவர் அப்பா வேறொன்று சொன்னார். ஆவணியில் தன் தம்பி வீட்டுக் கல்யாணம், மச்சினன் வீட்டுக் கல்யாணம் எல்லாம் வருகிறது, இது நன்றாக வந்தால் அதுவும் உங்களுக்குத்தான் என்றார். நன்றாக வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியதில்லை. அந்தக் குடும்பம் ஒரு கடையை வேண்டாம் என்றால் இலஞ்சி முழுக்க, மேலகரம் முழுக்க வேண்டாம் என்றுவிடும்.

டிஸ்க்கைச் செய்தேன். பத்திரம் எழுதுகிறவரின் கம்ப்யூட்டரில் ஓடியது. மேல்பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற படத்தை அச்சடித்து, அதற்கு மேலே சின்னதாகப் பிள்ளையார் சுழி போட்டு, கேமராமேனிடம் கொடுத்தனுப்பினேன். மாப்பிள்ளை ராணுவத்துக்குத் திரும்புகிற நாளின் காலை அது. சாயங்காலம் அவருக்கு ரயில்.

மத்தியானம் கேமராமேன் போன் செய்தார்.

“மதினி, டிஸ்க் ஓடலையாம். மாப்பிள்ளையோட அப்பா கொதிச்சுப்போய் இருக்காவ. கேசட்டை எல்லாம் திருப்பிக் கேக்காவ. வேற கடையில குடுக்கப் போறாவளாம்.”

“வேற என்ன சொன்னாவ?”

“ஒண்ணுமில்ல மதினி. இன்னொரு காப்பி இருக்குல்லா, அதைக் குடுங்க. நான் கொண்டுபோறேன்.”

“வேற என்ன சொன்னாவன்னு கேட்டேன்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மாப்பிள்ளையோட அத்தைதான்... தாலியறுத்தவ கை பட்டது எப்படி வெளங்கும்னு...”

எனக்குக் காது சுட்டது. அவரைப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே கடையைப் பூட்டினேன். “நீங்க போகாதிய மதினி, அங்கன சொந்தக்காரவ எல்லாம் இருக்காவ” என்று அவர் போனில் சொல்லிக்கொண்டேயிருந்தார். இன்னொரு காப்பியைக் கையில் எடுத்தேன், பிறகு மேஜைமேலேயே வைத்துவிட்டேன். அதைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினால், முதல் டிஸ்க் என் கை பட்டதால்தான் ஓடவில்லை என்ற பேச்சு அப்படியே நிலைத்துவிடும். ஓடாத டிஸ்க் எதுவோ, அதுதான் ஓடவேண்டும்.

சாரல் பெய்துகொண்டிருந்தது. மினி பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம், தலை நிறைய எண்ணெய். இலஞ்சியில் இறங்கி அந்த வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே எண்ணெய் வாசனைதான். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சீசன் என்பதால் ஊருக்குத் திரும்பாமல் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் குளித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார்கள். கொடி முழுக்க ஈரத் துண்டு. கூடத்தில் ரம்புட்டான் தோல் சிதறிக் கிடந்தது. நடுவில் பூப்போட்ட உறையை விலக்கி வைத்த கம்ப்யூட்டர், அதைச் சுற்றி நாற்காலிகள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

வாசலைத் தாண்டுவதற்குள் அத்தை எழுந்துவிட்டார். “நீ எதுக்கு வந்தே? அந்த கேமராக்காரன அனுப்பலாம்லா?”

“அவரு படம் பிடிச்சவரு. டிஸ்க் போட்டது நான். ஓடலைன்னா என்கிட்டதான் கேக்கணும்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. குறைத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாப்பிள்ளை, “உள்ள வாங்கக்கா” என்றார். அவருடைய பச்சைநிறப் பை கட்டித் தயாராகச் சுவரோரம் நின்றது. அடுக்களை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். ஆடி பிறக்கப்போகிறது, அவளும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். டிஸ்க் ஓடுமா ஓடாதா என்று உண்மையில் கவலைப்பட்டவர்கள் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு யாரைக் குற்றம் சொல்லலாம் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

கம்ப்யூட்டரில் இருந்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். மேல்பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திருப்பினேன். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய அடிப்பக்கத்தில் வட்டமாகச் சந்தனம். காய்ந்து உரியத் தொடங்கியிருந்தது. அதன் நடுவில் குங்குமம். அதையும் சுற்றி, எண்ணெய்க் கையால் ஆள் மாற்றி ஆள் பிடித்துப் பார்த்த தடம். கம்ப்யூட்டர் படிக்கவேண்டிய இடமே அதுதான். பாவம், எதைப் படிக்கும் அது?

“இதுல பொட்டு வெச்சது யாரு?”

“நான்தான்” என்றார் அத்தை. “புதுசா எது வீட்டுக்கு வந்தாலும் சாமி முன்னால வெச்சுப் பொட்டு வைக்கது எங்க வழக்கம். அதுக்கென்ன?”

“மேல்பக்கம் வைக்கலாம்லா?”

“மேல்பக்கம் பிள்ளைய போட்டோ இருக்கு. உசிரோட இருக்கப்பட்ட பிள்ளைய போட்டோவுக்கு எவளாவது பொட்டு வைப்பாளா? அதான் திருப்பி வெச்சேன்.”

அவர் சொன்னது சரிதானே. போட்டோவில் பொட்டு இருந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. தினமும் காலையில் அந்தப் பொட்டை வைத்துவிட்டுத்தானே நான் வேலையைத் தொடங்குகிறேன். டிஸ்க்கின் மேலே முகத்தை அச்சடிக்கும்போது இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கொல்லைக் குழாயடிக்குப் போய் டிஸ்க்கைத் தண்ணீரில் காட்டினேன். பின்னாலேயே வந்தவர்களில் ஒருவர், “ஐயையோ, தண்ணி பட்டுட்டே” என்றார். சோப்பு நுரையைத் தொட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாகத் தடவிக் கழுவினேன். சந்தனம் கரைந்து போனது. குங்குமம் விரலில் சிவப்பாக ஒட்டியது. பழைய நூல் சேலைதான் கட்டியிருந்தேன். முந்தானையில் ஈரத்தை ஒற்றி எடுத்தேன்.

கூடத்துக்குத் திரும்பி வந்ததும் மாப்பிள்ளை கையை நீட்டினார். “நான் போடுதேன்க்கா.”

“வேண்டாம். என் கையாலயே போடுதேன்.” எல்லாரையும் பார்த்தேன். “எல்லாரும் பாத்துக்கிடுங்க.”

டிஸ்க் உள்ளே போனது. கையை எடுத்துக் கட்டிக்கொண்டு பின்னால் தள்ளி நின்றேன். உள்ளே ஏதோ சுழலும் சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது. கழுவும்போது கீறியிருப்பேனோ? ஆவணி போச்சு, கடை போச்சு, பேரும் போச்சு என்று மனசு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் பிள்ளையார் வந்தார். பின்னாலேயே நாதஸ்வரம். யாரும் எதையும் தொடவில்லை. மாப்பிள்ளை தன் பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அடுக்களை வாசலை விட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

வந்த வேலை முடிந்தது, நான் புறப்பட்டிருக்கலாம். புறப்படவில்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தச் சொந்தக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒருவரும் எழுந்து போகச் சொல்லவில்லை. தாலி கட்டும் இடம் வந்தது. அந்த அட்சதையை அந்தரத்தில் நிறுத்தியது யார் என்று அவர்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில், கல்யாணக் கூட்டத்தோடு உட்கார்ந்து, தாலி கட்டுவதை நான் பார்த்தேன். கூரை இடிந்து விழவில்லை.

படம் முடிந்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். அத்தை உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்தார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆளும் அல்ல. டிஸ்க்கை நோக்கிக் கையைக் காட்டி, “பொட்டு வைக்காம பிள்ளைய அனுப்ப முடியாது. எங்கன வைக்கதுன்னு காட்டு” என்றார்.

காட்டச் சொன்னார். விரலை நீட்டி இங்கே என்று காட்டியிருந்தால் போதும். நான் சிமிழுக்குள் மோதிர விரலை விட்டுக் குங்குமத்தை எடுத்து, படத்துக்கு மேலே, பிள்ளையார் சுழியின்மேல் அழுத்தி வைத்தேன். பிள்ளைகளின் முகத்தில் துளிகூடப் படவில்லை. அத்தை கையில் சிமிழ் திறந்தபடியே இருந்தது. மாப்பிள்ளைதான் முதலில் அசைந்தார். டிஸ்க்கை விளிம்பில் பிடித்து வாங்கி, ஒரு தடவை கண்ணில் ஒற்றி, பையின் மேல்மடிப்பில் வைத்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றிக்கா” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம். வெளியே சாரல். விரலில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது. கையை ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டினால் போதும், போயிருக்கும். நான் நீட்டவில்லை. தென்காசி வரும்வரை அந்த விரலை மடக்கி மடியிலேயே வைத்திருந்தேன்.

ஆவணிக் கல்யாணங்கள் என் கடைக்கே வந்தன. அந்தக் கதையைக் கேள்விப்பட்டு, குங்குமத்தில் கைவைத்தவளிடம் எங்கள் வீட்டு வேலை வேண்டாம் என்று போனவர்களும் இருந்தார்கள். போகட்டும். அன்றிலிருந்து என் கடை டிஸ்க்கில் முகத்துக்கு மேலே பொட்டு வைப்பதற்கென்று வெறும் மஞ்சளில் ஓர் இடம் விட்டு அச்சடிக்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர்கள் வைக்கும்வரை காத்திருப்பதில்லை. நானே வைத்துத்தான் கொடுப்பேன். வேண்டாம் என்பவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

இப்போது புதுக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் போடுகிற வாயே இல்லை. வைரஸ் பயத்தில் தானாக ஓடுகிற வழியையும் அடைத்துவிட்டார்கள். பென் டிரைவில் தருகிறேன், போனுக்கே அனுப்புகிறேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சிரமம் குறைந்திருக்கிறது. பென் டிரைவ் என்றாலும் அது வைக்கும் பெட்டியின்மேல் ஒரு பொட்டு உண்டு. குங்குமச் சிமிழ் கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் என் கணவர் படத்துக்கு ஒன்று, பிறகு அன்றைக்குப் புறப்படுகிற கல்யாணங்களுக்கு ஒவ்வொன்று. அதற்குப் பிறகு விரலில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை நான் எதிலும் துடைப்பதில்லை. அதற்கு என் நெற்றி இருக்கிறது.